பாய்லர் விபத்துக்குப் பிறகு அண்ணனுக்கு மனநோய்: இழப்பீடு கேட்க முடியுமா?

திருவொற்றியூர் தம்பி:
வணக்கம். அண்ணன் மணலியில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை பார்த்தார். 2025 மார்ச்சில் பாய்லர் பக்கம் நீராவிக் குழாய் வெடித்தது. கூட நின்றவர் அங்கேயே இறந்துவிட்டார். அண்ணனுக்குக் கையில் காயம், இரண்டு மாதத்தில் ஆறிவிட்டது. ஆனால் இன்னமும் குக்கர் விசில் அடித்தால் வாசலுக்கு ஓடுகிறார். அம்மா குக்கரைப் பரணில் ஏற்றிவிட்டு வடிசோறுதான் ஆக்குகிறார். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையில் மருந்து கொடுக்கிறார்கள். காண்ட்ராக்டரோ, "காயம்தான் ஆறிடுச்சே, இன்னும் என்ன பணம்?" என்கிறார். மனநோய்க்கு இழப்பீடு உண்டா?

எண்ணூர் சங்கத்துக்காரர்:
உண்டு தம்பி. அண்ணனுக்கு விபத்து நடந்தபோது நடப்பில் இருந்த 1923ஆம் வருடத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் பட்டியலில் விரல் போனால், கண் போனால் இத்தனை சதவீதம் என்று இருக்கும். மனநோய் அதில் இல்லை. அதனால் கிடையாது என்று ஆகிவிடாது. பட்டியலில் இல்லாத நிரந்தரப் பாதிப்புக்கு, சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று மருத்துவர் மதிப்பிட வேண்டும். மருந்துச் சீட்டு மட்டும் போதாது. இந்த விபத்தால்தான் வந்தது, பழைய வேலையைச் செய்ய முடியாது என்று எழுத்தில் வாங்குங்கள். மனுவை விபத்து நடந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். சரி, சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தார்களா? பிடித்திருந்தால் இந்த வழி அடைபட்டுவிடும், ஈ.எஸ்.ஐ.யில்தான் கேட்க வேண்டும்.

வியாசர்பாடி அக்கா:
என் வீட்டுக்காரருக்கும் இதே கதைதான் தம்பி. மாற்றுத்திறனாளி சான்றிதழில் போட்ட சதவீதத்தைக் காட்டினால் போதும் என்று நம்பி ஆறு மாதம் அலைந்தோம். அது வேறு கணக்கு, சம்பாதிக்கும் திறன் வேறு கணக்கு. முதல் நாள் ஓ.பி. சீட்டிலிருந்து ஒன்றையும் தூக்கிப் போடாதீர்கள். விசாரணைக்கு அண்ணனைத் தனியாக அனுப்பாதீர்கள். அன்றைக்கு நடந்ததைத் திரும்பச் சொல்லச் சொன்னதும் இவருக்கு உடம்பெல்லாம் நடுங்கிவிட்டது.

திருவொற்றியூர் தம்பி:
நன்றி அக்கா. சம்பளச் சீட்டைத் தேடி எடுத்தேன். ஈ.எஸ்.ஐ. பிடித்திருக்கிறார்கள் அண்ணே. ஆனால் காண்ட்ராக்டர் விபத்து அறிக்கையே அனுப்பவில்லை.

எண்ணூர் சங்கத்துக்காரர்:
அப்போ நீங்களே ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். ஒருவர் இறந்திருப்பதால் போலீசில் எஃப்.ஐ.ஆர். இருக்கும். அதன் நகல் முக்கியம், விபத்து நடந்ததை யாரும் மறுக்க முடியாது. வேலை செய்ய முடியாத நாட்களுக்குத் தற்காலிக ஊனப் பலன் சம்பளத்தில் 90 சதவீதம். பாதிப்பு நிரந்தரம் என்றால் மருத்துவக் குழு சதவீதம் போடும், மாதாமாதம் பணம் வரும். குழுவுக்குப் போகும்போது அந்தக் குக்கர் விசயத்தை அம்மாவையே சொல்லச் சொல்லுங்கள்.

திருவொற்றியூர் தம்பி:
சரி அண்ணே. திங்கட்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு கிளை அலுவலகம் போகிறேன்.