புதுப்பிப்பு: அப்பாவின் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு பி.சி.ஜி. சிகிச்சை – ஆறு தவணையும் முடிந்தன

கட்டியை அகற்றிய பிறகு சிறுநீர்ப்பைக்குள் விடும் பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பூசி) மருந்தை அப்பாவால் இரண்டு மணி நேரம் அடக்கிவைக்க முடியவில்லை, என்ன செய்வது என்று கேட்டிருந்தேன். பதில் எழுதியவர்களுக்கு நன்றி.

பலித்தது, நான்கு மணி நேரம் முன்பே தண்ணீரையும் காபியையும் நிறுத்தச் சொன்ன யோசனைதான். காலைக் காபி போனதுதான் அப்பாவுக்குப் புற்றுநோயைவிடப் பெரிய துக்கம்! ஆனால் மூன்றாம் வாரம் முதல் முழு நேரமும் தாங்கினார்.

எதிர்பாராதது: நான்காம் தவணையன்று மாலை லேசான காய்ச்சல், சிறுநீரில் எரிச்சல். உடனே மருத்துவரை அழைத்தோம், மறுநாள் தணிந்தது. செலுத்துவது வீரியம் குறைத்த, ஆனால் உயிருள்ள கிருமி. அதனால் காய்ச்சல் நீடித்தால் காத்திருக்கக் கூடாது என்றார். அந்தக் கிருமியை எதிர்க்கத் திரளும் நோயெதிர்ப்பு அணுக்கள் புற்றணுக்களையும் சேர்த்துத் தாக்குகின்றன. கிண்டியில் 1948-இல் தொடங்கிய பி.சி.ஜி. ஆய்வகத்தைப் பல வருடம் பஸ்ஸில் கடந்திருக்கிறேன்; அந்தத் தடுப்பூசி காசநோய்க்கு மட்டும் என்றே நினைத்திருந்தேன்.

ஒவ்வொரு தவணைக்குப் பிறகும் ஆறு மணி நேரம் வரை வீட்டில் உட்கார்ந்தபடியேதான் சிறுநீர் கழித்தார். சிறுநீரோடு வரும் கிருமி சாக, ஒவ்வொரு முறையும் கழிப்பறையில் பிளீச் ஊற்றி, 15 நிமிடம் கழித்துத் தண்ணீர் விட்டோம்.

சென்ற வாரம் உள்நோக்கிக் கருவியால் பார்த்ததில் கட்டி எதுவும் தென்படவில்லை. அடுத்து பராமரிப்புத் தவணைகள்.