நர்சிங் முதல் செமஸ்டர்: மூத்தவர்களின் வழிகாட்டல் வேண்டும்

குழுவிலுள்ள அக்கா, அண்ணன்மார்களுக்கு வணக்கம். பண்ருட்டி அருகேயுள்ள எங்கள் ஊரிலிருந்து கடலூர் வழியாக நாள்தோறும் பேருந்து மாறிப் புதுச்சேரிக்குச் சென்று, பி.எஸ்சி. நர்சிங் முதல் செமஸ்டர் படித்து வருகிறேன். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் வழியில் படித்தவள் என்பதால், காறை எலும்பு என்று அறிந்திருந்ததே கிளாவிக்கிள் என்ற பெயரில் வந்தபோது அடையாளம் தெரியாமல் விழித்தேன். உடற்கூறியலின் முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வில் தேர்ச்சி பெறவில்லை.

அதன்பின் ஒரு குறிப்பேட்டில் ஆங்கிலச் சொல்லையும் தமிழ்ச் சொல்லையும் எதிரெதிரே எழுதி, பேருந்தில் இடம் கிடைக்கும் நாட்களில் (கடலூர் தாண்டும்வரை பெரும்பாலும் கிடைப்பதில்லை) படிக்கத் தொடங்கினேன். மணிக்கட்டின் 8 எலும்புகளும் இப்போது வரிசையாக நினைவுக்கு வருகின்றன. வகுப்பில் எழுந்து ஐயம் கேட்கும் துணிவும் வந்திருக்கிறது.

என் இப்போதைய சிக்கல் இரத்த அழுத்தம் பார்ப்பதில்தான். கையில் சுற்றும் பட்டையிலுள்ள காற்றை வினாடிக்கு 2 முதல் 3 மி.மீ. பாதரச அளவு வீதம் இறக்க வேண்டும் என்று தெரிந்தும் விரல் கட்டுப்படுவதில்லை. ஸ்டெதாஸ்கோப்பில் முதல் ஒலி கேட்கும் அளவு பிடிபடுகிறது, ஒலி முற்றிலும் மறையும் அளவைத் தவறவிட்டுவிடுகிறேன். அப்பாவுக்கு மூன்று முறை பார்த்து மூன்று வெவ்வேறு எண்களைக் குறித்தபோது, அவர் சிரித்துக்கொண்டே நான்காம் முறையும் கையை நீட்டினார்.

பணியிலுள்ள செவிலியர்கள் காதையும் விரலையும் எவ்வாறு பழக்கினீர்கள் என்று எழுதினால் பேருதவியாக இருக்கும். உடலியங்கியலில் இதயச் சுழற்சியை (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் சுருங்கி விரியும் முறையை) மனப்பாடம் செய்யாமல் புரிந்துகொள்ளும் வழியையும் சொல்லுங்கள். பழைய முதல் செமஸ்டர் குறிப்புகள் வைத்திருப்பவர்கள் தெரிவித்தால், கடலூர் பேருந்து நிலையத்தில் பெற்றுக்கொண்டு, நகலெடுத்த பின் ஒரே வாரத்தில் திருப்பித் தந்துவிடுகிறேன்.