திபெத்திய மந்திரம் திரையில் ஒன்றுபோல் தெரிந்தும் தேடலில் அகப்படாதது ஏன்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். திபெத்தியச் சுவடிகளுக்கான அட்டவணை ஒன்றைப் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் தொகுத்து வருகிறேன். பதிவுகளைத் தட்டச்சு செய்தவர்களில் சிலர் விண்டோஸையும், சிலர் மேக்கையும், வேறு சிலர் வைலி ஒலிபெயர்ப்பிலிருந்து (திபெத்தியத்தை ரோமன் எழுத்தில் எழுதும் முறை) மாற்றித் தரும் செயலியையும் பயன்படுத்தியிருக்கிறார்கள். 'ஓம் மணி பத்மே ஹூம்' என்பதைத் திபெத்திய எழுத்தில் தேடினால், அந்த மந்திரம் கண்ணெதிரே இருக்கும் பதிவுகளில் ஒரு பகுதி மட்டுமே கிடைக்கிறது. ஜோமோல்ஹாரி எழுத்துருவில் வைத்துப் பார்த்தால் பதிவுகளுக்கிடையே எந்த வேறுபாடும் தெரியவில்லை.

கடைசி அசையான 'ஹூம்' என்பதன் குறியெண்களை (ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் யூனிகோடு தரும் எண்கள்) மட்டும் பிரித்துப் பார்த்தேன். பதின்ம முறையில் தருகிறேன். ஒரு பதிவில் 3943, 3953, 3956, 3971 என்றும், இன்னொன்றில் 3943, 3957, 3971 என்றும், மற்றொன்றில் 3943, 3956, 3953, 3971 என்றும் இருக்கின்றன. இவற்றில் எதைச் சரியென்று கொள்வது? ஒன்றன்கீழ் ஒன்றாக மெய்கள் அமரும் அடுக்கெழுத்துகளிலும் இந்தச் சிக்கல் வருமா?

பதில் 1

வணக்கம். மூன்றும் யூனிகோடின் பார்வையில் சமமானவையே. 3953 என்பது உயிரை நெடிலாக்கும் குறி. 3956 உகரக் குறி. 3957 இவ்விரண்டும் சேர்ந்த ஊகாரம். சேர்ந்த வடிவத்தைப் பயன்படுத்த வேண்டாம் என்றே யூனிகோடு பரிந்துரைக்கிறது. குறிகளை எந்த வரிசையில் அடுக்குவது என்பதைக் காட்டும் சேர்க்கை வரிசை எண் 3953க்கு 129, 3956க்கு 132 என்பதால், நார்மலைசேஷன் (சமமான வடிவங்களை ஒரே வடிவுக்குக் கொண்டுவருதல்) செய்யும்போது நெடில் குறி தானாகவே முன்னே வந்துவிடும். எனவே உங்கள் முதல் வடிவமே நிலைபெறும்.

தமிழில் பழகிய நமக்கு இங்கே ஒன்று தலைகீழாகத் தோன்றும். 'கொ' என்பதில் ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியே உள்ளிட்டிருந்தால், நார்மலைசேஷனில் ஒரு வகையான என்எஃப்சி முறை அவற்றை ஒரே குறியாகச் சேர்த்துவிடும். திபெத்தியத்திலோ அதே முறை ஊகாரத்தைப் பிரித்தே வைக்கும்.

அடுக்கெழுத்துகளைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்பட வேண்டாம். 1991இல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பில் இருந்த திபெத்தியம் பின்னர் நீக்கப்பட்டு, 1996இல் இரண்டாம் பதிப்பில் புதிதாக வடிவமைக்கப்பட்டபோது, கீழே அமரும் மெய்களுக்கு 3984 முதல் தனிக் குறியெண்களே தரப்பட்டன. ஆகவே 'பத்மே' என்பதில் உள்ள அடுக்கு எந்த விசைப்பலகையில் அடித்தாலும் 3921, 4008, 3962 என்றே வரும்.

போஸ்ட்கிரெஸ் 13 முதல் 'நார்மலைஸ்' என்ற செயற்கூறு உள்ளது. அதைக் கொண்டு சீராக்கிப் பாருங்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி. 'ஹூம்' முழுமையாகச் சரியாகிவிட்டது. ஆனால் 'ஓம்' இன்னும் இரண்டு விதமாகவே நிற்கிறது. மேலும், வரி முடிவில் 'ங' வரும் சில தலைப்புகளும் தேடலில் விடுபடுகின்றன.

பதில் 2

'ஓம்' என்பதற்கு 3840 என்ற தனி எழுத்து இருக்கிறது. அதையே 3944, 3964, 3966 என்று மூன்று குறிகளாகவும் எழுதலாம். இவ்விரண்டையும் இணைக்கும் பிரிப்பு விதி எதுவும் யூனிகோடில் இல்லாததால், எந்த நார்மலைசேஷனும் இங்கே உதவாது. மாற்று அட்டவணை ஒன்றை நீங்களே எழுத வேண்டும்.

'ங' சிக்கலுக்குக் காரணம், அசைகளைப் பிரிக்கும் 'செக்' என்ற புள்ளி. வாக்கிய முடிவைக் காட்டும் 'ஷே' கோட்டுக்கு முன்னால் பொதுவாகப் புள்ளி இடுவதில்லை; 'ங' வந்தால் மட்டும் இடுவார்கள். அந்த இடத்தில் வரி உடைந்து கோடு அடுத்த வரிக்குப் போய்விடாதிருக்க, வழக்கமான 3851க்குப் பதிலாக 3852 பயன்படுத்தப்படுகிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. என்எஃப்சி இதைத் தொடாது; இத்தகைய மாற்று வடிவங்களையும் ஒன்றாக்கும் இன்னொரு வகையான என்எஃப்கேசி மாற்றும்.

இன்னொன்றையும் சோதியுங்கள். 'ர'வுக்கு 3938 தவிர, இன்னோர் எழுத்தின் மேல் அமரும்போதும் வடிவம் சுருங்காத 3946 என்ற எழுத்தும் உண்டு. 'ஞ'வுக்கு மேல் வரும்போது வழக்கமான 'ர'வும் முழு வடிவிலேயே நிற்பதால், எது உள்ளிடப்பட்டது என்பதைப் பார்த்துச் சொல்ல முடியாது.

தயவுசெய்து தரவுத்தளத்தின் மூலப் புலத்தில் இந்த மாற்றங்களைச் செய்துவிடாதீர்கள். வரி உடையாப் புள்ளி அச்சிடும்போது தேவைப்படும். 3946ஐச் சமஸ்கிருதச் சொற்களுக்காக ஒருவர் வேண்டுமென்றே இட்டிருக்கவும் கூடும். தேடலுக்கென்று தனிப் புலம் ஒன்றை உருவாக்கி, முதலில் என்எஃப்கேசி, அடுத்து உங்கள் மாற்று அட்டவணை என்ற வரிசையில் அதை நிரப்புங்கள். பயனர் தட்டச்சு செய்யும் தேடுசொல்லையும் அதே செயற்கூற்றின் வழியாக அனுப்பினால்தான் இரண்டும் பொருந்தும்.