சனிக்கிழமை வேலையை மற்ற நாள்களில் செய்து முடிக்கலாமா?

சிப்புட்_தம்பி
வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்ட ஆபிஸில் கிராணி (எழுத்தர்) வேலை. அடிப்படைச் சம்பளம் 2,600 ரிங்கிட். திங்கள் முதல் வெள்ளி வரை 8 மணி நேரம், சனிக்கிழமை 5 மணி நேரம். மொத்தத்தையும் நான்கே நாளில் முடித்துக்கொள்ளலாமா? இல்லையென்றால் சனிக்கிழமையாவது லீவு கேட்கலாமா?

பெரட்டுக்களம்
நான்கு நாள் நடக்காது தம்பி. உங்கள் வார வேலை 45 மணி நேரம், அதை நான்கால் வகுத்தால் நாளுக்கு 11 மணி 15 நிமிடம். மலேசியாவின் 1955 வேலைச் சட்டத்தின் 60ஏ பிரிவு, ஒரு நாள் வேலையைக் குறைத்து இன்னொரு நாளில் கூட்டிக்கொள்ள விடுகிறது, ஆனால் 9 மணி நேரம்தான் எல்லை. சனிக்கிழமை லீவு கேட்கலாம்: திங்கள் முதல் வெள்ளி வரை 9 × 5 = 45.

வேலை தொடங்கியது முதல் முடியும் வரை, சாப்பாட்டு நேரத்தையும் சேர்த்து 10 மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும். இங்கேதான் கணக்கு தவறும். காலை 6 மணிப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) வருபவருக்கு 6-லிருந்தே எண்ண வேண்டும், ஆபிஸ் திறக்கும் 7-லிருந்து அல்ல. மாலை 4-க்கு அவர் கிளம்பிவிட வேண்டும். தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, இடையில் 30 நிமிட ஓய்வு வேண்டும். 15 நிமிடத் தேத்தண்ணி நேரம் அதில் சேராது.

செக்ரோல்_அக்கா
தம்பி, ஓவர்டைமைக் கவனிங்க. மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்தால் ஒரு நாள் கூலி 100 ரிங்கிட். அதை வழக்கமான வேலை நேரத்தால் வகுப்பார்கள். 8 மணி என்றால் 12.50, ஒன்றரை மடங்கு 18.75. 9 மணி என்று மாறிவிட்டால் 11.11, ஓவர்டைம் 16.67 தான். மணிக்கு 2 ரிங்கிட்டுக்கு மேல் நஷ்டம்! ‘ஓவர்டைம் கணக்குக்கு 8 மணி நேரமே’ என்று கடிதத்தில் எழுதி வாங்கிவிடுங்கள்.

சனிக்கிழமை பொது விடுமுறை வந்தாலும் நஷ்டம்தான். வார ஓய்வு நாளிலோ இன்னொரு பொது விடுமுறையிலோ வந்தால்தான் சட்டப்படி அடுத்த வேலை நாளில் மாற்று விடுமுறை. உங்கள் சனிக்கிழமை வெறும் வேலையில்லாத நாள், ஓய்வு நாள் ஞாயிறு. அதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

சிப்புட்_தம்பி
நன்றிக்கா, ஓவர்டைம் விஷயம் யோசிக்கவே இல்லை. துரையிடம் (தோட்ட மேலாளரிடம்) வாய்மொழியாகக் கேட்டால் போதுமா?

பெரட்டுக்களம்
போதாது. எழுத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். 2023 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள அதே சட்டத்தின் 60கியூ (60Q) பிரிவின்படி, கடிதம் கிடைத்த 60 நாளுக்குள் முதலாளி எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். ஒப்புக்கொண்டே ஆக வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. அதனால் மறுக்கக் காரணம் கிடைக்காதபடி எழுதுங்கள்: எந்த மணிக்கு வந்து எந்த மணிக்குப் போவீர்கள், சனிக்கிழமை வரும் குலை லோரிகளின் எடை ரசீதை யார் பதிவார், மாதக் கடைசியில் செக்ரோல் (சம்பளப் பதிவேடு) முடிக்கிற வாரம் என்ன ஏற்பாடு, மூன்று மாதம் சோதனையாகச் செய்து பார்க்கலாமா.

தொழிற்சங்கத்தில் இருந்தால், சங்கமும் முதலாளி தரப்பும் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தத்தை முதலில் புரட்டுங்கள். விண்ணப்பம் அதற்கு முரணாக இருக்கக் கூடாது. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியோடு ஆபிஸ் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 60 நாள் கடந்தும் பதில் வராவிட்டால் தொழிலாளர் இலாகாவில் அந்தப் பிரதியைத்தான் காட்ட வேண்டும்.