பிராங்க்ளின் கொடுங்கோன்மைக்கு மக்களைக் குற்றம் சாட்டினாரா?

கேள்வி:
1787 செப்டம்பர் 17 அன்று, அமெரிக்காவின் அரசியலமைப்புச் சாசனத்தை வகுத்த பிலடெல்பியா மாநாட்டின் இறுதி நாளில், பெஞ்சமின் பிராங்க்ளின் எழுதிக் கொடுக்க ஜேம்ஸ் வில்சன் வாசித்த உரையில் ஓரிடம் என்னை உறுத்துகிறது. இந்தச் சாசனப்படி அமையும் அரசு சில ஆண்டுகள் நன்றாகவே நடக்கும் என்றும், மக்கள் வேறெந்த ஆட்சிக்கும் லாயக்கற்றவர்களாகிக் கொடுங்கோலாட்சியே தேவைப்படும் அளவுக்குச் சீரழிந்தால்தான் இது கொடுங்கோன்மையில் முடியும் என்றும் அவர் சொல்கிறார். கொடுங்கோலனை விட்டுவிட்டு, அவனிடம் அல்லற்படுகிறவர்கள் மீது பழி சுமத்துவதல்லவா இது?

மறுமொழி 1:
பழியாக எனக்குத் தோன்றவில்லை. ஒழுக்கமுள்ள மக்களால்தான் சுதந்திரத்தைக் கையாள முடியும், நாடுகள் சீர்கெடச் சீர்கெட எசமானர்களின் தேவை கூடும் என்று அதே ஆண்டு ஏப்ரலில் ஒரு கடிதத்திலும் அவர் எழுதியிருக்கிறார். நோயின் போக்கைச் சொல்லும் மருத்துவரின் தொனிதான் இரண்டிலும் இருக்கிறது. ‘அவர்களுக்கு இது வேண்டியதுதான்’ என்ற தொனி இல்லை.

மறுமொழி 2:
கடிதம் சரி, ஆனால் அதே மாநாட்டில் ஜூன் மாதம் அவர் அளித்த உரைகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பதவியில் மதிப்பும் பணமும் ஒருசேர இருந்தால் அமைதியை விரும்பும் அறிவாளிகள் ஒதுங்கிக்கொள்வார்கள், முரடர்களே முட்டி மோதி முன்னே வருவார்கள் என்று வாதிட்டு, நிர்வாகத் தலைவருக்கு (அதிபருக்கு) சம்பளமே கூடாது என்றார் பிராங்க்ளின். முதலில் வருபவர் நல்லவராகவே இருப்பார், அடுத்து எப்படிப்பட்டவர் வருவார் என்பது யாருக்கும் தெரியாது என்றும் எச்சரித்தார். ஆக, ஜூனில் பதவியின் அமைப்பிலேயே கொடுங்கோன்மையின் விதையைக் கண்டவர், செப்டம்பரில் அதை மக்களிடம் காண்கிறார். இடையில் அவருடைய கருத்து மாறிவிட்டதாக நான் நினைக்கவில்லை. அந்த இறுதி நாளில் அவருக்கு வேண்டியிருந்தவை சாசனத்தில் உறுப்பினர்களின் கையெழுத்துகள். சாசனத்தின் பிழைகளைப் பற்றித் தாம் கொண்டிருந்த கருத்துகள் இந்தச் சுவர்களுக்குள் பிறந்தவை, இங்கேயே மடியட்டும் என்று அதே உரையில் சொல்லிவிட்டபின், அமைப்பின் குறைகளை அவர் எப்படிப் பட்டியலிடுவார்? அப்படியும் அங்கிருந்தவர்களில் மூவர் கையெழுத்திட மறுத்தார்கள்.

கேள்வி கேட்டவர்:
ஜூன் உரைகளை நான் படித்ததில்லை, நன்றி. அப்படியானால் அந்த வாக்கியத்தை அவருடைய முழுக் கொள்கையாகக் கொள்ள முடியாது.

மறுமொழி 3:
உங்கள் உறுத்தலை இன்னொரு பக்கத்திலிருந்து ஆதரிக்கிறேன். 1808 வரை அடிமை இறக்குமதியைக் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) தடை செய்யக் கூடாது என்ற விதியும் அன்று அவர் கையெழுத்திட்ட சாசனத்தில் இருந்தது. அந்த அடிமைகள் சீரழிந்ததாலா கொடுங்கோன்மைக்குள் விழுந்தார்கள்? பென்சில்வேனிய அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவராக, 1790 பிப்ரவரியில், தாம் இறப்பதற்கு இரண்டே மாதங்களுக்கு முன், அடிமை முறைக்கு எதிராகக் காங்கிரசுக்குச் சென்ற மனுவில் கையெழுத்திட்டவரும் அவரே. அந்த மனுவில் மாற்றம் கோரப்பட்டது ஆள்வோரிடம், அடிமைகளிடம் அல்ல.