மூன்று புள்ளி டாம்சலை வைத்துக்கொள்ளலாமா?

கீழக்கரை_தொட்டி:
200 லிட்டர் உப்புநீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். தண்ணீர் பக்குவமாகட்டும் என்று கடைக்காரர் முதலில் ஒரு டாம்சல் மீனை விடச் சொன்னார். கறுப்பு உடம்பு, மூன்று வெள்ளைப் புள்ளி, நகம் அளவுதான். பிறகு வாங்கிய இரண்டு கோமாளி மீன்களும் இப்போது மூலையை விட்டு வெளியே வருவதில்லை. துடுப்பெல்லாம் கிழிசல்.

உப்புக்காற்று:
எடுத்துவிடுங்கள் தம்பி. முதலில் வந்தவன் பெயருக்குத் தொட்டி முழுவதையும் பட்டா போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். அது 14 செ.மீ. வரை வளரும். வளர வளரப் புள்ளி மங்கும், குணம் மங்காது. தண்ணீர் பக்குவமாக மீனே வேண்டாம். ஒரு துண்டு பச்சை இறாலை அழுக விட்டால் அம்மோனியா வரும், அதைத் தின்னும் பாக்டீரியா நாலைந்து வாரத்தில் பெருகிவிடும். நாற்றத்துக்கு வீட்டில் திட்டு விழும், அவ்வளவுதான்.

பாம்பன்_பையன்:
டாம்சலை மட்டும் ஏன் அண்ணே திட்டுகிறீர்கள்? கோமாளி மீனும் அதே குடும்பம்தான். மண்டபம் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தில் இரண்டையுமே குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்கள். தொட்டி சின்னது என்பதுதான் கோளாறு. என்னிடம் ஒரு கிளாத்தி மீன் இருக்கிறது, கையிலிருந்து வாங்கித் தின்னும்.

உப்புக்காற்று:
விரல் எண்ணிக்கை சரியாக இருக்கிறதா? கிளாத்தி தனித் தொட்டிக்குச் சரி. நண்டு, இறால், நத்தை உள்ள தொட்டியில் விட்டால் மறுநாள் ஓடுதான் மிஞ்சும். உடம்பை ஊதிக்கொள்ளும் பேத்தை மீனும் அப்படித்தான். வண்ணத்துப்பூச்சி மீன் பவளத்தையே கொத்தும்.

பாம்பன்_பையன்:
பவளமா? நம் கடலில் அதை எடுப்பதே குற்றம். 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அவர் தொட்டியில் இருப்பது பிளாஸ்டிக்தானே, கொத்தினால் என்ன?

உப்புக்காற்று:
பிளாஸ்டிக்கைத் தின்று அது உயிர் வாழுமா? பவளத்தின் சதையைத் தவிர வேறெதையும் தொடாத வகைகள் உண்டு. தட்டில் எதை வைத்தாலும் திரும்பிக்கூடப் பார்க்காமல் பட்டினி கிடந்தே சாகும். தொந்தரவு நமக்கு மட்டுமா?

பாம்பன்_பையன்:
சரி, அந்த மீன் விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். டாம்சல் விஷயத்தில் இல்லை.

கீழக்கரை_தொட்டி:
கடல் நடக்கிற தூரம்தான். அதில் விட்டுவிடவா?

உப்புக்காற்று:
கூடவே கூடாது. கடைத் தொட்டி நோயும் சேர்ந்து போகும். கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

கீழக்கரை_தொட்டி:
வலை போட்டால் கல்லுக்குள் ஓடிவிடுகிறது அண்ணே.

பாம்பன்_பையன்:
அதற்கு நான் வழி சொல்கிறேன். தண்ணீர் பாட்டிலின் தலையை வெட்டித் தலைகீழாகச் செருகி, உள்ளே இறால் துண்டு வைத்து இரவில் இறக்குங்கள். நம்மூர் மீன்கூடு மாதிரிதான்.

கீழக்கரை_தொட்டி:
வைத்தேன். காலையில் பாட்டிலுக்குள் இரண்டு கோமாளியும் இருக்கின்றன. டாம்சல் வெளியே காவல் நிற்கிறது.