லாமஸ் ரொட்டி நடுவில் கொழகொழவென்று வருகிறது, உதவுங்கள்

கறிவேப்பிலை:
வணக்கம். லெஸ்டரில் இருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பாட்டி பேகன் வழிபாட்டுக்காரர், அதாவது கிறிஸ்தவத்துக்கு முந்தைய பழைய ஐரோப்பிய இயற்கை வழிபாட்டைப் பின்பற்றுபவர். ஆகஸ்ட் 1 அன்று அவர் தோட்டத்தில் லாமஸ், அதாவது முதல் கோதுமை அறுவடைக்கான பண்டிகை. ஆளுக்கொன்று கொண்டுபோக வேண்டும். ரொட்டி என் பங்கு, அதுவும் கடையில் வாங்கக் கூடாதாம், கையால் பிசைந்ததாக இருக்க வேண்டுமாம். தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டு தடவை செய்தாயிற்று. மேல்தோல் மரப்பலகை. உள்ளே வெட்டினால் கத்தியில் பசையாக ஒட்டுகிறது, அடியில் ஒரு விரல் உயரத்துக்குக் களி. கோதுமை மாவு 500 கிராம், ஈஸ்ட் ஒரு பாக்கெட் (7 கிராம்), உப்பு ஒன்றரை டீஸ்பூன், வெதுவெதுப்பான தண்ணீர் 300 மில்லி. ஒரு மணி நேரம் மூடி வைத்து, உருட்டி, நேரே ஓவனில் 200 டிகிரி, 30 நிமிடம். ஈஸ்ட் பழசோ? இன்னும் ஐந்து நாள்தான் இருக்கிறது.

மோர்மிளகாய்:
அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் சிட்டிகை சர்க்கரையோடு ஈஸ்ட்டைக் கலந்து பத்து நிமிடம் வையுங்கள். நுரைத்தால் உயிரோடு இருக்கிறது. விரல் சுகமாகப் பொறுக்கும் சூடு போதும், 60 டிகிரியில் செத்துவிடும்.

கறிவேப்பிலை:
நுரை பொங்கி வழிந்தே விட்டது. ஈஸ்ட் நிரபராதி.

போறணை:
தங்கச்சி, எந்த மா பாவித்தீர்கள்? சப்பாத்திக்கு மூட்டையாக வாங்கும் ஆட்டா மாவோ?

கறிவேப்பிலை:
அதேதான் அண்ணா. வீட்டில் எப்போதும் இருப்பது அதுதானே.

போறணை:
அப்ப பிடிபட்டுவிட்டது. நான் லண்டனில் பாண் (ரொட்டி) போடும் வேலையில் பல வருசம் நின்றவன். ஆட்டாவைக் கல்லில் நெருக்கி அரைப்பார்கள், மாச்சத்து மணிகள் நிறைய உடைந்துபோகும். அதனால்தான் தண்ணியை நன்றாகக் குடித்து, சப்பாத்தி மெத்தென்று வருகிறது. பாணுக்கு அந்தக் குணமே வினை. உடைந்த மாச்சத்தை மாவில் உள்ள நொதி கரைத்துவிட, குடித்த தண்ணி திரும்ப வெளியே வந்து நடுப்பகுதி கொழகொழக்கும். போதாததுக்குத் தவிடு வேறு, பாணைத் தாங்கிப் பிடிக்கும் குளூட்டன் என்ற புரத வலையை அறுக்கும்.

பையில் 'ஸ்ட்ராங் பிரெட் ஃப்ளவர்' என்று போட்டிருப்பதை வாங்குங்கள். 100 கிராமில் புரதம் 12 கிராமாவது இருக்க வேண்டும். கோதுமை வாசம் வேண்டுமென்றால் அதில் 350, முழுக்கோதுமை மா 150. தண்ணி 340 மில்லி. கையில் ஒட்டும், பயந்துபோய் மா தூவ வேண்டாம். பத்து நிமிடம் குழைத்துவிட்டு ஒரு துண்டைக் கிள்ளி விரியுங்கள். கிழியாமல், வெளிச்சம் தெரியும் அளவுக்கு மெல்லிசாக வர வேண்டும். இரண்டு மடங்கு பொங்கியதும் உருட்டி, இன்னொரு 40 நிமிடம் விடுங்கள். இந்த இரண்டாவது பொங்கலை நீங்கள் விட்டுவிட்டீர்கள். விரலால் அமத்தினால் குழி மெதுவாகத் திரும்பினால் சரி, உடனே துள்ளினால் பொறுங்கள். பிறகு 220 டிகிரி, 35 நிமிடம். காத்தாடி உள்ள அடுப்பென்றால் 200. கவிழ்த்து அடியில் தட்டினால் வெறும் டப்பா போலச் சத்தம் வர வேண்டும்.

இரண்டாம்_டீ:
எடுத்து எவ்வளவு நேரத்தில் வெட்டினீர்கள்?

கறிவேப்பிலை:
ஐந்து நிமிடம். வாசனை தாங்கவில்லை.

இரண்டாம்_டீ:
அதுவும் ஒரு காரணம். சூடு ஆறும்போதுதான் உள்பகுதி இறுகும். கம்பித் தட்டில் ஒரு மணி நேரமாவது கிடக்கட்டும், பலகையில் வைத்தால் அடி வியர்க்கும். லாமஸ் என்ற பெயரே 'ரொட்டிப் பூசை' என்ற பழைய ஆங்கிலச் சொல் தேய்ந்து வந்ததுதான். அன்றைக்கு வேறு எது சொதப்பினாலும் சமாளிக்கலாம்!

கறிவேப்பிலை:
பாட்டி வீட்டில் கோதுமைக் கதிர்க்கட்டு வடிவ ரொட்டியின் படம் மாட்டியிருக்கிறது. அதையே செய்தால் என்ன?

போறணை:
வேண்டாம் தங்கச்சி. அது பார்வைக்குச் செய்வது. மா இறுக்கமாக, ஈஸ்ட் மிகக் குறைவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கதிரெல்லாம் ஊதி வடிவம் போய்விடும். பிறகு குறைந்த சூட்டில் நெடுநேரம் காயவிட வேண்டும். சாப்பிடப் பல் வேண்டும். உங்கள் உருண்டைப் பாணின் மேல் கத்தியால் ஒரு கதிர் கீறுங்கள், போதும்.

மோர்மிளகாய்:
அதுவும் கைவிட்டால் ஐரிஷ் சோடா ரொட்டி. மைதா 450 கிராம், சமையல் சோடாவும் உப்பும் ஒவ்வொரு டீஸ்பூன், கெட்டி மோர் 350 முதல் 400 மில்லி. பிசையவே கூடாது, சேர்த்தால் போதும். மேலே ஆழமாகச் சிலுவைக் கீறல், 200 டிகிரி, 40 நிமிடம். நம் வீட்டு நீர்மோர் உதவாது, புளித்த தயிரைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள். ஆதிகாலத்து ரொட்டி என்று மட்டும் அங்கே அளந்துவிடாதீர்கள், அயர்லாந்தில் சோடா புழக்கத்துக்கு வந்ததே 19ஆம் நூற்றாண்டில்தான்.

கறிவேப்பிலை:
இன்று காலை போறணை அண்ணா சொன்னபடியே செய்தேன். ஆறும்போது தோல் சடசடவென்று முனகியது! ஒரு மணி நேரம் சமையலறைப் பக்கமே போகவில்லை. பாட்டி கத்தியைத் தொடவில்லை, கையால் பிய்த்து முதல் துண்டை ஆப்பிள் மரத்தடியில் வைத்தார். பசை இல்லை, களி இல்லை. ஒரே குறை, கீறிய கதிர் விரியாமல் பக்கவாட்டில் வாய் பிளந்துவிட்டது. ஏன்?

போறணை:
கீறல் ஆழம் காணாது. அடுத்த முறை ஒரு சென்டிமீட்டர் இறக்குங்கள், சவர பிளேடால்.